இரண்டு செமஸ்டருக்கு நடுவில்

“கடைசிப் பேப்பரும் முடிஞ்சிருச்சும்மா, நாளைக்கு வந்துருவேன்.” நவம்பர் மாதக் கடைசியில் உத்தமபாளையத்திலும் போடியிலும் தேனியிலும் விடுதியில் தங்கிப் படிக்கும் மேகமலைப் பிள்ளைகள் வீட்டுக்குச் சொல்லும் செய்தி இது. ஹைவேவிஸ், மணலார், மேல்மணலார், வெண்ணியார், மகாராஜாமெட்டு, இரவங்கலார் என்று தேயிலைக்கு நடுவே இருக்கும் ஊர்களில், கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்க்கு இதைக் கேட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். இறங்கட்டும். ஆனால் பரீட்சை முடிந்தால் செமஸ்டரும் முடிந்துவிட்டது என்று பிள்ளையும் பெற்றோரும் நினைத்துக்கொள்வதில் இருந்துதான் பல சங்கடங்கள் பிறக்கின்றன. கடைசித் தேர்வுக்கும் அடுத்த செமஸ்டரின் முதல் வகுப்புக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருந்தால் அவர் சொல்லிக் கொடுத்துவிடுவார். கல்லூரி வாசலை முதல் தலைமுறையாக மிதிக்கும் வீட்டில் சொல்ல ஆள் இல்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

மலையின் தூரத்தை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சின்னமனூரில் இருந்து ஹைவேவிஸுக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சங்க இலக்கியத்துப் பூக்களின் பெயர் சூட்டிய 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. காட்டுப்பாதை என்பதால் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பேருந்துகள் குறைவு. அலைபேசி சிக்னல் எல்லா லைன் வீட்டிலும் கிடைத்துவிடாது. சின்னமனூரில் வீடு இருக்கும் மாணவன் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தேதியைத் தவறவிட்டால் மறுநாள் போய் விசாரித்துக்கொள்ளலாம். மணலார்ப் பிள்ளைக்கு அந்த ஒரு விசாரிப்பு ஒரு முழு நாள், அதற்கான பேருந்துக் காசு, சில சமயம் தந்தையின் ஒரு நாள் கூலி. ஆகவே கீழே இறங்கி இருக்கும்போதே முடித்துவிட வேண்டியவை எவை என்று தெரிந்திருப்பது மலைப்பிள்ளைக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

கல்லூரியின் ஓராண்டு இரண்டு செமஸ்டர். ஜூனில் தொடங்குவது நவம்பர் தேர்வோடும், டிசம்பரில் தொடங்குவது ஏப்ரல் தேர்வோடும் முடிகின்றன. இரண்டுக்கும் இடைவெளி ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் தேர்வுக்குப் பிறகு கோடை விடுமுறை நீளமானது. பெரும்பாலும் முடிவு வந்த பிறகே அடுத்த ஆண்டு தொடங்கும். நவம்பருக்குப் பிறகு கிடைப்பதோ சில நாட்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று வாரம். அடுத்த செமஸ்டர் வகுப்புகள் தொடங்கி நடந்துகொண்டிருக்கும்போதுதான் முந்தைய தேர்வின் முடிவு வெளிவரும். முதலாண்டு மாணவருக்கு வாழ்க்கையின் முதல் கல்லூரி முடிவு இப்படி வகுப்புகளுக்கு நடுவில் வந்து விழுகிறது. அதில் இரண்டு மூன்று பேப்பர் போயிருந்தால் பொங்கலுக்கு ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வராமலே நின்றுவிடுவதும் உண்டு. படிப்பு நின்றுபோவது யாரும் முடிவெடுத்து நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட இடைவெளிகளில், யாரும் எதுவும் சொல்லாமலே அது நடந்துவிடுகிறது.

இதற்கு முக்கியமான காரணம் அரியர் என்பதைப் பற்றிய தவறான புரிதல் என்று நான் நம்புகிறேன். பெற்றோருக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்து ஃபெயில். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஃபெயில் என்றால் மேலே போகும் கதவு மூடிக்கொள்ளும். துணைத் தேர்வு எழுதி வென்றால்தான் திறக்கும். அந்த நினைவோடு “ரெண்டு பேப்பர்ல போயிருச்சு” என்ற செய்தியைக் கேட்கும் தந்தை, ஒரு வருடம் வீணாகிவிட்டது, இனி கட்டணம் கட்டி என்ன பயன் என்று எண்ணுகிறார். ஏலத்தோட்டத்துக்கோ திருப்பூருக்கோ அனுப்பிவிடலாம் என்று பேச்சு வருகிறது. கல்லூரியில் விதி வேறு. நம் பகுதிக் கலை, அறிவியல் கல்லூரிகளில் ஒரு பாடத்தில் தேறாதவர் அடுத்த செமஸ்டருக்குத் தன் வகுப்பு நண்பர்களோடு சேர்ந்தே போகிறார். தேறாத பாடத்தை மட்டும் பின்னால் வரும் தேர்வு ஒன்றில், அதற்குரிய கட்டணம் கட்டி, மீண்டும் எழுதிக்கொள்கிறார். ஆண்டு எதுவும் இழக்கப்படவில்லை. கூடுதலாக ஒரு தேர்வு, கூடுதலாகச் சில வாரப் படிப்பு, அவ்வளவுதான். பட்டம் வாங்கும்போது எல்லாப் பாடமும் தேறியிருக்க வேண்டும். எந்தச் செமஸ்டரில் தேறினார் என்பதால் பட்டம் நிற்பதில்லை. முதல் வகுப்பும் தரவரிசையும் பாதிக்கப்படலாம். அதுவும் இழப்புதான். ஆனால் படிப்பை விடுகிற இழப்போடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

அரியரைத் தீர்ப்பது எவ்வளவு கடினம் என்பதையும் எண்ணிப் பார்த்துவிடலாம். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, போடிநாயக்கனூர் ஏலத்தோட்ட விவசாயிகள் சங்கக் கல்லூரி போன்றவை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அந்தப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பாடத்திட்டங்களில் பரவலாகக் காணப்படும் விதி இது: ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண். அதில் 25 கல்லூரிக்குள்ளேயே போடும் இன்டர்னல், 75 பல்கலைக்கழகத் தேர்வு. தேற, தேர்வில் 75-க்கு 27 வேண்டும். இரண்டையும் கூட்டினால் 40 வேண்டும். இன்டர்னலுக்குத் தனியாகக் குறைந்தபட்சம் கிடையாது.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். இன்டர்னலில் 13 வாங்கிய மாணவிக்குத் தேர்வில் 27 போதும். 13-ம் 27-ம் கூடினால் 40. இன்டர்னலில் 20 வாங்கியவருக்கும் அதே 27 தேவை. அதற்குக் கீழே இறங்க முடியாது. ஆனால் இன்டர்னலில் 5 மட்டுமே வாங்கியவருக்குத் தேர்வில் 35 வேண்டும். அந்த 5 அவரை விடாது. அரியர் எழுதும்போது பெரும்பாலும் பழைய இன்டர்னல் மதிப்பெண்ணே தொடரும். தேர்வை மட்டும்தான் மறுபடி எழுதுகிறோம். மாதாந்தரத் தேர்வுக்கு வராமல், அசைன்மென்ட் கொடுக்காமல் விட்ட எட்டு மதிப்பெண்ணை அடுத்தடுத்த ஒவ்வொரு முயற்சியிலும் அவர் சுமந்துகொண்டே போக வேண்டும். செமஸ்டர் முடியும் நேரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் தன் இன்டர்னல் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது ஏன் அவசியம் என்பது இப்போது விளங்கும். பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன் மாணவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல துறைகளில் உண்டு. கையெழுத்துப் போடும்போது எண்ணைப் பார்த்துப் போட வேண்டும். கொடுத்த அசைன்மென்ட் கணக்கில் வராமல் போயிருந்தால் அதைச் சொல்ல அதுதான் சரியான நேரம். பட்டியல் போய்விட்டால் திருத்துவது பெரும்பாடு.

பொறியியல் படிப்பவர்களுக்கு எண்கள் மாறும். 2012-ல் தொடங்கிய போடி அரசு பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடங்களுக்கு உள்மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வில் 45 சதவீதமும் மொத்தத்தில் 50-ம் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் அந்தந்தக் கல்லூரி வகுத்த விதி. எந்தக் கல்லூரியானாலும் தன் விதிப் பக்கத்தை ஒரு முறை படித்துவிட வேண்டும். பாடத்திட்ட நூலின் முதல் சில பக்கங்களில்தான் அது இருக்கும். பெரும்பாலோர் அதைப் புரட்டுவதே இல்லை.

அரியர் வழியை அடைப்பதில்லை என்றேன். வருகைப் பதிவு அடைக்கும். இது பலருக்குத் தலைகீழாகத் தெரிகிறது: மதிப்பெண் குறைந்தால் பயப்படுகிறார்கள், வருகை குறைந்தால் “பார்த்துக்கலாம்” என்கிறார்கள். பொதுவாக 75 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர் மருத்துவச் சான்று போன்ற தக்க காரணம் காட்டி, கண்டோனேஷன் பெற்று எழுதலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. மிகவும் குறைந்தால் அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழக விதியில் வருகை குறைந்தவர் அடுத்த செமஸ்டருக்குப் போகவே முடியாது. அடுத்த ஆண்டில் அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்து ஃபெயிலுக்கு இணையாகக் கல்லூரியில் ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

மலைப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள். அதில் 75 சதவீதம் என்றால் 68 நாள் வர வேண்டும். 22 நாள் விடலாம். கேட்க தாராளமாக இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு என்றால் 90 நாள் 18 வாரம். ஒவ்வொரு வாரமும் ஊருக்குப் போய், திங்கட்கிழமைக் காலைப் பேருந்தில் இறங்கி, முதல் வகுப்புகளைத் தவறவிட்டால் அரை நாள் வீதம் 9 நாள் போய்விடும். திங்கட்கிழமை முழுவதுமே போனால் 18 நாள். காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் மிச்சம் 4 நாள். இதற்கு மேல் வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலும் நவம்பரிலும் மழைக்கு விடுமுறை விட்டால் அது வருகையில் குறையாது. ஆனால் அதை ஈடுகட்டக் கல்லூரிகள் சனிக்கிழமைகளில் வகுப்பு வைக்கின்றன. வெள்ளி மாலையே மலையேறிவிட்ட பிள்ளைக்கு அந்தச் சனிக்கிழமையும் ஆப்சென்ட். அவர் ஊர் சுற்றவில்லை, வகுப்பைக் கட் அடிக்கவில்லை; வீட்டுக்குப் போய் வந்ததிலேயே வருகை கரைந்துவிட்டது. டிசம்பரில் அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முதல் திட்டம் எந்தெந்த வாரம் ஊருக்குப் போவது என்பதுதான். கல்லூரி நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நீண்ட விடுமுறை வரும் வாரங்களுக்கு ஒதுக்கி, மற்ற வாரம் விடுதியிலேயே தங்கிவிடுவது நல்லது. அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களும் எதிர்பார்த்து ஏமாற மாட்டார்கள்.

முடிவு வந்த பிறகு என்ன செய்யலாம் என்பது அடுத்தது. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்திருந்தால் விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். நகலைப் பார்த்த பிறகு மறுமதிப்பீடு கேட்கலாம். பல பல்கலைக்கழகங்களில் இந்த இரண்டு படிகளும் இதே வரிசையில் வருகின்றன. தான் எழுதித் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்ப்பது தேர்வர் ஒவ்வொருவரின் தகவல் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் அவகாசம் சில நாட்களே, கட்டணமும் உண்டு. முடிவு வரும் வேளையில் விடுமுறைக்கு மேலே போயிருக்கும் மாணவர், சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பதற்குள் கடைசித் தேதி கடந்துவிடும். கீழே இருக்கும் வகுப்புத் தோழர் ஒருவரிடம் தன் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் எழுதிக் கொடுத்து, முடிவு வந்த அன்றே பார்த்துச் சொல்லச் சொல்வது எளிய ஏற்பாடு. நகலை வாங்கியவுடன் மறுமதிப்பீட்டுக்கு ஓட வேண்டாம். பாட ஆசிரியரிடம் காட்டி, உண்மையில் மதிப்பெண் விடுபட்டிருக்கிறதா என்று கேட்ட பிறகு பணம் கட்டலாம். மறுமதிப்பீடு கேட்காவிட்டாலும் அந்த நகல் பயன்படும். எந்தக் கேள்வியில் எவ்வளவு போனது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

தேறியவர்களுக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மதிப்பெண் பட்டியலில் வரும் ஜி.பி.ஏ. என்ற எண்ணை எல்லாப் பாடத்தின் சராசரி என்று பலர் நினைக்கிறார்கள். அது கிரெடிட்டால் பெருக்கி எடுக்கும் சராசரி. ஒரு முதல் செமஸ்டரில் தமிழுக்கு 3 கிரெடிட், ஆங்கிலத்துக்கு 3, முதன்மைப் பாடம் இரண்டுக்கும் ஐந்து ஐந்து, விருப்பப் பாடத்துக்கு 3, திறன் பாடத்துக்கு 2, அடிப்படைப் பாடத்துக்கு 2 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 23. ஒரு மாணவர் முதன்மைப் பாடம் இரண்டிலும் 50, மற்ற ஐந்திலும் 80 வாங்குகிறார். இன்னொருவர் முதன்மைப் பாடம் இரண்டிலும் 80, மற்ற ஐந்திலும் 60. சாதாரணச் சராசரி எடுத்தால் முதலாமவருக்கு 71-க்கு மேல், இரண்டாமவருக்கு 66-க்குக் கீழ். கிரெடிட் வைத்துக் கணக்கிட்டால் முதலாமவருக்கு 6.70, இரண்டாமவருக்கு 6.87. வரிசையே மாறிவிடுகிறது. முதுநிலைச் சேர்க்கையிலும் பி.எட். சேர்க்கையிலும் முதன்மைப் பாட மதிப்பெண்ணைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள் என்பதால் இந்த வேறுபாடு பின்னாலும் தொடரும். அடுத்த செமஸ்டருக்கு நேரம் ஒதுக்கும்போது 5 கிரெடிட் பாடத்தையும் 2 கிரெடிட் பாடத்தையும் ஒரே அளவில் வைக்கக் கூடாது.

அதற்காகச் சின்னக் கிரெடிட்டை விட்டுவிடவும் முடியாது. இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் சேர வேண்டும் என்பது தமிழகக் கலை, அறிவியல் கல்லூரிகளின் பொது அளவு. அதில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவையும் அடங்கும். மூன்றாம் ஆண்டின் கடைசியில் எல்லாம் தேறிவிட்டு, இரண்டாம் ஆண்டில் கொடுக்காமல் விட்ட ஒரு கிரெடிட் பதிவேட்டால் பட்டம் தாமதமாகலாம். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகளும் பல கல்லூரிகளில் மதிப்பெண் பட்டியலில் ஏறுகின்றன. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் இதுவரை எத்தனை கிரெடிட் சேர்ந்திருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது.

சான்றிதழ் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்வி உதவித்தொகைக்கும் விடுதி இடத்துக்கும் வருமானச் சான்று கேட்பார்கள். அது அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியது. சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் ஒரு முறை வாங்கினால் போதும், ஆனால் பெயரின் எழுத்தும் முன்னெழுத்தும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் கல்லூரிப் பதிவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உதவித்தொகை நின்றுபோனதாக வரும் முறையீடுகளில் பெயர்ப் பொருத்தமின்மையும் வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாததும் அடிக்கடி தென்படுகின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. எஸ்டேட் குடும்பத்துக்கு அந்த 1,000 ரூபாய் பெரிய துணை. பணம் வருகிறதா என்று செமஸ்டர் முடிவில் பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்த்து, வராவிட்டால் கல்லூரியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியரிடம் சொல்லிவிட்டு மலையேற வேண்டும். ஹைவேவிஸ் பேரூராட்சி உத்தமபாளையம் வட்டத்தில் வருகிறது. வட்டாட்சியர் அலுவலக வேலை எதுவானாலும் கீழேதான். கல்லூரி நாட்களிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால் தனியாக ஒரு பயணம் மிச்சம்.

இனி அடுத்த செமஸ்டர். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. முதல் போகம் அறுவடைக்கு வரும்போதே இரண்டாம் போகத்துக்கு விதைநெல்லும் நாற்றங்காலும் பார்த்துவிடுவார்கள் நம் விவசாயிகள். அறுத்து முடித்துவிட்டு யோசிக்கத் தொடங்கினால் தண்ணீர்க் காலம் தப்பிப்போகும். நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவே இருக்கும் சில நாட்களும் அப்படித்தான். அந்த நாட்களில் அடுத்த பாடப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து படித்து முடிக்க வேண்டும் என்று சில ஆசிரியர்கள் அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. களைத்து வந்த பிள்ளை அதைச் செய்யாது, செய்யாததற்காகக் குற்ற உணர்வு மட்டும் மிஞ்சும். செய்யக்கூடியது சிறியது. அடுத்த செமஸ்டரின் பாடத்திட்டத்தை வாங்கி, ஒவ்வொரு பாடமும் இந்தச் செமஸ்டரில் படித்த எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வணிகவியலில் நிதிக் கணக்கியலின் இரண்டாம் பாகம் முதல் பாகம் இல்லாமல் ஓடாது. இயற்பியலுக்குத் துணைக் கணிதம் வேண்டும். நிரலாக்கத்தில் சுழற்சியும் சார்பும் புரியாமல் தரவு அமைப்புகளுக்குப் போனால் முதல் வாரத்திலேயே மூச்சு முட்டும். அந்தப் பழைய பகுதி மட்டும் உறுதியாக இருக்கிறதா என்று சோதித்தால் போதும்.

சோதிக்கும் முறையும் முக்கியம். நோட்டைத் திறந்து மறுபடி வாசித்தால் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். நோட்டை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுதிப் பார்க்க வேண்டும். 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசித்ததை நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்திவிட்டார்கள். இதற்கு இணையம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். மேகம் இறங்கி நாலு மணிக்கே இருட்டும் லைன் வீட்டில் ஒரு தாளும் பேனாவும் போதும். எழுத வராத இடங்களைக் குறித்துக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினால், ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கையில் தயாராக இருக்கும். அரியர் இருப்பவர் இதையே அந்தப் பாடத்துக்குச் செய்யலாம். ஐந்து அலகில் எந்த இரண்டு முற்றிலும் வெறுமையாக இருக்கின்றன என்று தெரிந்துவிடும், படிப்பு அங்கிருந்து தொடங்கும்.

தமிழ்வழியில் பள்ளி முடித்து ஆங்கிலவழியில் சேர்ந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கடினமாகத்தான் இருக்கும். பாடம் புரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வராமல் பக்கத்தை வெறுமையாக விட்டு வந்தவர்கள் உண்டு. பயிற்றுமொழி ஆங்கிலமாக இருந்தாலும் தாய்மொழியில் விடை எழுத மாணவர்களை அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக்குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தன் பாடத்தில் அந்த அனுமதி இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் செமஸ்டர் தொடங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தேர்வறையில் யோசிக்கும் விஷயம் இல்லை இது.

விடுமுறையில் வேலைக்குப் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்கு ஜீப்பில் போகிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தேர்வுக் கட்டணமும் செருப்பும் அந்தக் கூலியில்தான் வருகின்றன என்கிற வீட்டில் போய், விடுமுறை முழுவதும் படி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கல்லூரி திறக்கும் தேதியை வேலைக்குக் கிளம்பும் முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிட வேண்டும். “இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போடா தம்பி” என்ற அந்த ஒரு வாரத்தில் முதல் இன்டர்னலுக்கான பாடம் தொடங்கிவிடும், வருகையில் ஐந்து நாள் போய்விடும். இரண்டாவது வாரமும் இருந்துவிட்டால் திரும்பி வருவதற்கு வெட்கம் வந்துவிடும்.

கல்லூரிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பள்ளத்தாக்கின் கல்லூரிகள் மலைப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதில் காட்டும் அக்கறையை அவர்களை ஊருக்கு அனுப்பும்போதும் காட்ட வேண்டும். கடைசித் தேர்வன்று, ஹால் டிக்கெட்டைச் சரிபார்க்கும் அதே மேசையில், தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கலாம். கல்லூரி திறக்கும் நாள், முடிவு வந்தபின் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கும் முறை, அரியர் கட்டணம் கட்டும் காலம், உதவித்தொகைக்கு வேண்டிய சான்றுகள், பேச வேண்டிய ஆசிரியரின் எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ளும் இரண்டு வரியும் அதில் வேண்டும்: அரியர் விழுந்தால் ஆண்டு போகாது, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். மழை நாட்களுக்கு ஈடான சனிக்கிழமை வகுப்புகளை இரண்டு வாரம் முன்னதாக அறிவிப்பதும் கடினமான காரியம் இல்லை. செமஸ்டர் திறந்த முதல் வாரத்தில் வராத பெயர்களை எடுத்து, அந்த வீடுகளுக்குத் துறையில் இருந்து ஒருவர் பேசிவிட வேண்டும். சிக்னல் கிடைக்காத வீடு என்றால் அதே எஸ்டேட்டில் இருந்து படிக்கும் இன்னொரு மாணவர் வழியாகச் சொல்லி அனுப்பலாம்.

பெற்றோர்களே, டிசம்பரிலோ ஜூனிலோ பிள்ளை வீட்டில் இருக்கும்போது எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன், கல்லூரி எப்போது திறக்கிறது என்று கேளுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய நாள் பேருந்தில் ஏற்றி விடுங்கள். அரியர் இருந்தாலும் ஏற்றி விடுங்கள்.